கோட்டுக்கு அடித்த வெயில்

அக்டோபர் 28

சின்னவளுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். மகள் வீட்டில் உனக்கு என்ன குறை.

எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். கோபித்துக்கொண்டு போனவள்தான் முதலில் எழுத வேண்டும். ஆனால் போகும்போது பெரிய கத்தரியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது கடைச் சாமான். கடை என்னுடையது. உன் வீட்டுக்காரர் காலமாகி நீ இங்கே வந்து சேர்ந்தபோது நான்தான் அதை உன் கையில் கொடுத்தேன். வெட்டுவதற்குக் கொடுத்தேன், வைத்துக்கொள்வதற்கு இல்லை. இரண்டில் ஒன்று செய். கத்தரியை எடுத்துக்கொண்டு நீ வா. இல்லையென்றால் கத்தரியை மட்டும் அனுப்பிவை.

குளிர்கால ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. வெட்ட ஆள் இல்லை. நான் மிஷினில் உட்காருகிறவள், நீ மேசையில் நின்று வெட்டுகிறவள். இத்தனை வருஷம் கடை அப்படித்தான் ஓடியது. வெட்டாத துணியை நான் எப்படித் தைப்பது?

டாக்டரம்மா கோட் விஷயத்தை நீ இன்னும் மனதில் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். அந்தத் துணியில் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தால் நான் என்ன சொல்லுவேன், கொஞ்சுவேனா? அந்தம்மா முன்னால் திட்டினேன் என்பதுதான் உனக்குப் பெரிசு. அவர் அங்கே நின்றார். “கொஞ்சம் வெளியே இருங்க, இவளைத் திட்டணும்” என்று சொல்ல முடியுமா?

“கை மரத்துப்போச்சுக்கா, குளிருது” என்றாய். “ஒரே ரூம்தானே, எனக்குக் குளிரலையே, சாக்கு சொல்லாதே” என்றேன். இதில் எந்த வார்த்தை பொய் என்று எழுது.

அந்த ஹீட்டரையே நான் உனக்காகத்தான் வாங்கினேன். முன்பு இருந்த காற்றடிக்கிற ஹீட்டர் என்ன செய்தது? உயரமான கூரைக்குக் கீழே சூடெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். யாராவது கதவைத் திறந்தால் மிச்சமும் தெருவுக்குப் போகும். நூல் தூசியும் சாக்பீஸ் பொடியும் பறந்து நமக்கு இருமல்தான் மிச்சம். இந்தச் சிவப்புக் குழாய் ஹீட்டர் காற்றைத் தொடாது, எதிரில் இருப்பதை நேராகச் சூடாக்கும், வெயில் மாதிரி. அட்டைப் பெட்டியோடு வந்த காகிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியும். சுவரில் மாட்டியதும் நானே. பிறகு வேறு வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு, “யாரு மாட்டினது?” என்றார். “ஏன், தப்பா இருக்கா?” என்றேன். “இல்ல, சும்மா கேட்டேன்” என்றார்.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. பழைய கோட்டைப் பிரித்துத் தையல் கற்றேன். மிஷின் மோட்டாரைப் பிரித்து மின்சாரம் கற்றேன். என்னிடம் குளிரைப் பற்றி நீ பாடம் நடத்தாதே.

பதில் போடு.

அக்கா

நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சத்தமாகப் படித்தேன். “பெரியம்மா என்னம்மா எழுதியிருக்காங்க?” என்றாள் மகள். “கத்தரியைத் திருப்பிக் கேக்கறா” என்றேன். “இத்தனை பக்கத்துக்கும் அவ்வளவுதானா?” என்றாள். “அவளுக்கு அது ரொம்ப அதிகம்டி” என்றேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டு நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கத்தரியை வேண்டுமென்று எடுத்து வரவில்லை. ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்தேன், அதற்குள் கிடந்தது. ரயிலில்தான் கவனித்தேன். திரும்பி வந்து கொடுத்திருக்கலாம். உன் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை.

இரண்டு கையும் இடது கையாக வெட்டியது என் தப்புதான். துணியை மடித்துப் போட்டு வெட்ட வேண்டும். விரல் மடியவில்லை, துணியையும் மடிக்க முடியவில்லை. தனித்தனியாக வெட்டினேன். இரண்டாவது தடவை துணியைத் திருப்பிப் போட மறந்தேன். இது சாக்கு இல்லை. நடந்தது.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல்லாதே. இங்கே ஆஸ்பத்திரியில் கைக்கு வைத்தியம் நடக்கிறது. சரியாகிவிடும் என்கிறார்கள். சரியானால் வருகிறேன், அக்கா. எனக்கும் அந்த மேசை இல்லாமல் பொழுது போகவில்லை. இங்கே எல்லாரும் ரெடிமேட் போடுகிறார்கள். மாப்பிள்ளையின் சட்டையில் தோள் இறங்கிக் கிடக்கிறது, பார்க்கவே கண் வலிக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வருவதற்கு முன் ஒரு நாள் நீ என் இடத்தில் நின்று பார். மேசைக்குப் பின்னால், ஜன்னல் பக்கம். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை. அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

தங்கை

நவம்பர் 17

சின்னவளுக்கு,

நிபந்தனையெல்லாம் போட ஆரம்பித்துவிட்டாய். நல்லது. நின்று வேடிக்கை பார்க்க எனக்கு நேரமில்லை. ஆள் வைத்துவிட்டேன்.

கடைத்தெருக் கோடியில் கட்டராக இருந்தவன், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுவார்களே, அவன்தான். கை நன்றாக வெட்டுகிறது. வாய் அதைவிட நன்றாக வெட்டுகிறது. வந்த அன்றே ஓவர்கோட்டைக் கழற்றாமல் மேசைக்குப் போனான். “தையல் கடைக்கு வேலைக்கு வந்தியா, டிரையல் பாக்க வந்தியா?” என்றேன். “குளிருதுக்கா” என்றான். உன்னிடம் பாடம் கேட்டுவிட்டு வந்திருப்பானோ என்று நினைத்தேன்.

மறுநாள் நான் மிஷினில் இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் சக்கரம் உருளும் சத்தம். திரும்பிப் பார்த்தால், முடித்த கோட்டெல்லாம் தொங்குகிற ஸ்டாண்டை இவன் கண்ணாடிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறான்.

“யாரைக் கேட்டுத் தள்றே?”

“கொஞ்சம் அந்தப் பக்கம் இருக்கட்டுமேக்கா. குளிருது.”

“ஸ்டாண்டைத் தள்ளினா குளிர் கிளம்பிப் போயிடுமா?”

“கோட்டுக்கா குளிருது? அது பாட்டுக்கு ஹீட்டரைப் பாத்துக்கிட்டு நிக்குது. எனக்குத்தானே குளிருது.”

அளவு கொடுக்க வந்து நின்ற பள்ளிக்கூட வாத்தியார் சிரித்துவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஸ்டாண்டை இழுத்து இருந்த இடத்திலேயே நிறுத்தினேன். அது எனக்குப் பின்னால், ஹீட்டருக்கு நேர் எதிரில், கருகாத தூரத்தில் இருக்க வேண்டும். நான் அளந்து வைத்த தூரம். நம் கடையில் கோட்டை வாங்கித் தோளில் போட்டதும் எல்லாரும் என்ன சொல்லுவார்கள்? “என்னம்மா, வெதுவெதுன்னு இருக்கு, இப்பத்தான் பெத்தெடுத்தீங்களா?” என்பார்கள். டாக்டரம்மா அதற்காகவே வருகிறார். வேறு எந்தக் கடையில் கோட் சூடாக இருக்கிறது?

இவனுக்காக அதை விட்டுவிட முடியுமா. சொன்னேன். அவன் சாக்பீஸை மேசையில் வைத்தான். “இந்த மேசைக்கு ஆள் வேணும்னா துருவக் கரடியைத்தான் கூப்பிடணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போகும்போது பின்பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். நீயும் அதையே காட்டுவாய். அது காற்றை அளக்கிற சாமான், இந்த ஹீட்டரை அளக்க அதற்குத் துப்பில்லை என்று உனக்கும் சொன்னேன், அவனுக்கும் சொன்னேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

துணி சேர்ந்துகொண்டே போகிறது. கை சரியாகிவிட்டதா? வருகிற தேதியை எழுது.

அக்கா

நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நெட்டை சொன்னதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். கோபப்படாமல் படி.

இங்கே என் கைக்குச் சிவப்பு விளக்கு காட்டுகிறார்கள். நம் ஹீட்டர் மாதிரியேதான். விளக்குக்குக் கீழே கையை நீட்டி உட்கார வேண்டும். மணிக்கட்டில் எனக்கு ஒரு புண் ஆறிக்கொண்டிருக்கிறது, அங்கே சூடு படக் கூடாது. அந்த பிசியோதெரபிப் பெண் ஒரு துவாலையை மடித்து மணிக்கட்டின் மேல் போட்டாள். “இது போதுமா?” என்றேன். “போதும்மா, இது வெயில் மாதிரிதான். மறைச்சா படாது” என்றாள்.

விரலெல்லாம் இதமாக இருந்தது. மணிக்கட்டு மட்டும் அப்படியே சில்லென்று கிடந்தது. ஒரே கைதான் அக்கா.

துவாலையை எடுத்தபோது தொட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் வெதுவெதுவென்று இருந்தது. நம் ஸ்டாண்டில் தொங்கும் கோட்டைத் தொட்ட மாதிரி இருந்தது.

வெயில் மாதிரி, வெயில் மாதிரி என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னாய். நானும் தினமும் கேட்டேன். வெயிலுக்கு நிழல் உண்டு என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நீ ஹீட்டருக்கு எதிரில். உனக்குப் பின்னால் கோட்டுகள். கோட்டுகளுக்குப் பின்னால் நான். எனக்கு வர வேண்டியதை அவை வாங்கிக்கொண்டு நின்றன.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு கோடு மாதிரி சிவப்பு வெளிச்சம் வந்து மேசைமேல் விழும். காரணம் தெரியாமலே நான் கையை அதில் கொண்டுபோய் வைத்துக்கொள்வேன். அது துணிமேல் எங்கே விழுகிறதோ அங்கிருந்து வெட்டத் தொடங்குவேன். யாராவது கோட்டை வாங்கிக்கொண்டு போனால் கோடு அகலமாகும். எனக்கு அன்றைக்கு நல்ல நாள். நீ அடுத்த கோட்டை முடித்து அந்த இடத்தில் மாட்டிவிடுவாய்.

ஒரு தடவை நானும் ஸ்டாண்டைத் தள்ளி வைத்தேன். நீ இழுத்துப் பழைய இடத்தில் வைத்தாய். பிறகு நான் தள்ளவில்லை.

நீ வேண்டுமென்று செய்தாய் என்று சொல்லவில்லை. உனக்குத் தெரியாது. ஆனால் “குளிருது” என்று நான் சொன்னபோது, நம்பியிருக்கலாம். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். எனக்குக் குளிருகிறதா என்று என்னைத்தானே கேட்க வேண்டும்?

தங்கை

டிசம்பர் 3

சின்னவளுக்கு,

நான்கு பக்கம் எழுதத் தெரிகிறது, கடையில் நின்றபோது வாயைத் திறக்கத் தெரியவில்லை. “குளிருது” என்பதும் ஒரு சொல்லா? குளிர்காலத்தில் எல்லாரும்தான் அதைச் சொல்லுகிறார்கள். பால்காரன் சொல்லுகிறான். தபால்காரர் சொல்லுகிறார். நான் யார் யாருக்கு என்று ஸ்டாண்டைத் தள்ளுவேன்?

நான் ஸ்டாண்டை இழுத்து வைத்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் இல்லாததற்கு நான் பதில் சொல்ல முடியாது.

நிழல் என்கிறாய். வெளிச்சத்துக்கு நிழல் உண்டு, சூட்டுக்கும் உண்டா என்று அந்தக் காகிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். எதிரில் இருப்பவரையும் பொருள்களையும் சூடாக்கும் என்று போட்டிருக்கிறது. பின்னால் இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியவன் எழுதியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் துவாலை போட்டாளாம், அதைக் கொண்டுவந்து என் கடையில் வைத்து அளக்கிறாய். உனக்குச் சௌகரியமான ஊரில் உட்கார்ந்துகொண்டு எது வேண்டுமானாலும் எழுதலாம்.

டாக்டரம்மா மறுபடி துணி வாங்கிக் கொடுத்திருக்கிறார். நீதான் வெட்ட வேண்டும் என்றார். “அவங்க ஊருக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க” என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்சொல்லி ஆக்காதே.

அக்கா

டிசம்பர் 14

சின்னவளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கும்.

ஒரு விஷயம் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன். டாக்டரம்மா துணியை நானே வெட்டிவிடலாம் என்று சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். முதுகுப் பக்கம் வெட்டி முடித்தேன். முன்பக்கம் பாதிக்கு மேல் போகவில்லை. விரலை ஊதிக்கொண்டு நின்றேன். வாத்தியார் உள்ளே வந்து, “என்னம்மா, இன்னைக்கு இடம் மாறி நிக்கிறீங்க?” என்றார். “சும்மாதான்” என்றேன்.

பிறகு கவனித்தேன், ஸ்டாண்டு நிற்கிற இடத்தில் தரை கோணலாக இருக்கிறது. சக்கரம் தானாக உருளுகிறது. ஆபத்து. அதனால் அதை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்து மூலையில் வைத்துவிட்டேன். தரைக்காகத்தான்.

கை வைத்தது வைத்தோம் என்று ஏணி போட்டு ஹீட்டரையும் கொஞ்சம் திருகிவிட்டேன். முகம் கீழே பார்த்த மாதிரி இருந்தது, இப்போது நிமிர்ந்து நேராகப் பார்க்கிறது. என் மிஷினைத் தாண்டி மேசைக்குப் போய் விழுகிறது. மேசை முழுக்க, வலது பாதியில் இன்னும் அதிகம். நீ வலது பக்கம் நின்றுதான் வெட்டுவாய். கோடு இல்லை, பாய் விரித்த மாதிரி விழுகிறது. போட்டுச் சிறிது நேரத்தில் மேசைப் பலகை சூடேறிவிடுகிறது, அணைத்த பிறகும் உள்ளங்கையை வைத்தால் தெரிகிறது. உன் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர்கூட இப்போது முன்பு மாதிரி ஐஸாக இல்லை.

எனக்கு இப்போது கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. சால்வை போட்டுக்கொள்கிறேன். நான் உட்கார்ந்து மிதிக்கிறவள், உடம்பு தானாகச் சூடாகும்.

நீ கேட்டதற்காகச் செய்தேன் என்று நினைக்காதே. சொன்னேனே, தரை.

பாதி வெட்டிய துணி அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை. வரும்போது கம்பளிக் கையுறையெல்லாம் கொண்டுவர வேண்டாம்.

அக்கா

டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இது மகளின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நடுவில் அவளாக எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை. (சேர்க்கவில்லை, பெரியம்மா.)

இதோடு ஒரு பார்சல் வரும். பெரிய கத்தரி. துணியில் சுற்றி, முனைக்குத் தக்கை வைத்திருக்கிறேன். நீ கேட்டாய் என்பதற்காக அனுப்பவில்லை. நீ ஹீட்டரைத் திருகிய கடிதம் வந்த அன்று அதை எடுத்து ஒரு பழைய பாவாடையை வெட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் வளையத்துக்குள் போகிறது. மற்ற விரல்கள் மூடவில்லை. மகள் என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து அழுத்தினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நேர்கோடு வெட்ட முடியவில்லை.

டாக்டரைக் கேட்டோம். விளக்கு வலியைக் குறைக்கும், மூட்டைத் திருப்பித் தராது என்றார். “குளிர்னாலயா வந்துச்சு?” என்று மகள் விடாமல் கேட்டாள். “குளிர் கொண்டுவராது. இருக்கிறதை அதிகமாக்கும்” என்றார். அதனால் உன்னால் வந்தது என்று நீ நினைக்க வேண்டாம். நினைக்க மாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பாய் விரித்த மாதிரி விழுகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மகளை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். கண்ணை மூடினால் தெரிகிறது. மேசை, பாதி வெட்டிய துணி, அதன்மேல் சிவப்பு வெளிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

நெட்டையைக் கூப்பிடு. அவன் கை நல்ல கை. இப்போது வருவான். டாக்டரம்மாவிடம் நான் ஊரிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிடு. கையை வெட்டும்போது துணியை மடித்துப் போட்டு வெட்டச் சொல்.

வெயில் காலத்தில் உன்னைப் பார்க்க வருகிறேன். வெறுங்கையோடுதான்.

தங்கை

ஜனவரி 9

சின்னவளுக்கு,

பார்சல் வந்தது. நான் கேட்டேன்தான். கேட்டால் அனுப்பிவிடுவதா? எத்தனையோ கேட்டிருக்கிறேன், எதையாவது உடனே செய்திருக்கிறாயா. இதை மட்டும் தக்கை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறாய்.

நெட்டையிடம் ஆள் அனுப்பினேன். வந்தான். ஓவர்கோட்டோடு மேசைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கழற்றி மாட்டினான். என்னை ஒரு பார்வை பார்த்தான். “என்ன?” என்றேன். “ஒண்ணுமில்லக்கா” என்றான். நல்லவேளை, அதோடு விட்டான்.

டாக்டரம்மாவின் கோட் முடிந்தது. துணியை மடித்துப் போட்டுத்தான் வெட்டினான், பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தம்மா வந்து போட்டுப் பார்த்தார். தோளும் கையும் சரியாக இருந்தன. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, கோட் சில்லுன்னு இருக்கு? முன்னெல்லாம் வெதுவெதுன்னு குடுப்பீங்களே.”

“இனிமே அப்படி வராது.”

“ஏன், ஹீட்டர் ரிப்பேரா?”

“ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. அது உங்களுக்கு வர வேண்டிய சூடு இல்லம்மா. வேற ஒருத்தருக்குச் சேர வேண்டியது.”

யாருக்கு என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறவளுக்கு என்றேன். வேறு என்ன சொல்வது.

நெட்டை தன் கத்தரியைத்தான் வைத்துக்கொள்கிறான். பழகியது இல்லாமல் கை வராது என்கிறான். அதனால் உன்னுடையது சும்மா கிடக்கிறது. அவன் இடது பக்கம் நின்று வெட்டுகிறவன். வலது பக்கம், நீ நிற்கிற இடத்தில், அதை வைத்திருக்கிறேன். காலையில் வந்ததும் ஹீட்டரைப் போட்டுவிட்டு மிஷினைத் துடைக்கிறேன். துடைத்து முடித்து மேசைப் பக்கம் போனால் கத்தரியின் பிடி அதற்குள் சூடாகியிருக்கிறது, யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்து இப்போதுதான் வைத்துவிட்டுப் போன மாதிரி.

தரை கோணல் என்று எழுதியிருந்தேன். மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். தரை சரியாகத்தான் இருக்கிறது.

அக்கா